பத்தொன்பது தொண்டூர்ச் சீட்டுகள்

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, செஞ்சிக் கடைத்தெரு வெயிலில் மிதந்துகொண்டிருந்த நேரத்தில், ஜாஹிதா பேகம் ஒரு காலி எண்ணெய் டின்னைப் பற்றிப் பேசுவதற்காக மல்லிநாதனின் மாடிப்படி ஏறினாள்.

மாடி இரண்டு பாகம். முன்பாதியில் தனகோட்டியின் தட்டச்சுப் பயிலகம். பின்பாதியில் மல்லிநாதனின் கம்ப்யூட்டர். 1988 பங்குனியில் செஞ்சிக்காரர்கள் பலரும் அந்த ஒரு கம்ப்யூட்டரைத்தான் பார்த்திருந்தார்கள். மல்லிநாதன் தொண்டூர்ச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை. சென்னையில் ஒரு கம்பெனியில் புள்ளிவிவரம் பார்த்தவர்; கம்பெனி மூடியபோது ஏலத்தில் அந்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல், ரேஷன் கார்டுப் பட்டியல் என்று எங்கே எது ஒத்துப்போகவில்லையோ, அதையெல்லாம் ஜனங்கள் அவரிடம் கொண்டுவந்தார்கள். தப்பு எந்த வரியில் ஒளிந்திருந்தாலும் எடுத்துக் காட்டிவிடுவார்.

தனகோட்டிக்கு நாற்பத்திரண்டு வயது. எதிலாவது ஒரு திருடன் கிடைக்கமாட்டானா என்று ஏங்குகிறவர். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே மாணவிகளிடம், "அதே பாடத்தைப் பத்து தரம் அடிங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பாதிக்கு வந்து நின்றுகொண்டார்.

"உட்காரும்மா," என்றார் மல்லிநாதன். "வீட்டுமனைச் சங்கத்துல கிளார்க்கா இருக்கிற பொண்ணுதானே நீ?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பேன் சார். அன்னைக்குப் பொதுக்குழு. மோசடி பண்ணிட்டேன்னு எழுதி வெளிய அனுப்பப் போறாங்க."

அழவில்லை. இருபத்தாறு வயதுக்காரி, முக்காட்டின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி நடந்ததைச் சொன்னாள்.

சிங்கவரம் சாலையில் சங்கத்துக்கு முப்பது மனைகள். கேட்டவர்கள் இருநூறு பேர். செஞ்சியில் நூறு, வல்லத்தில் அறுபது, தொண்டூரில் நாற்பது. சீட்டுக் குலுக்கிப் போடுவதென்று முடிவாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால், கண்ணைக் கட்டிக்கொண்டு, சீட்டெடுத்தவள் ஜாஹிதா. எண்ணெய் டின் ஒன்றின் மேல்மூடியை வெட்டி, விளிம்பை மடித்துக் கொடுத்தவர் அவளைப் பெற்ற அத்தா, தகர வேலை ஜகபர் அலி.

"முப்பதுல தொண்டூருக்குப் பத்தொன்பது விழுந்துச்சு சார். செஞ்சிக்கும் வல்லத்துக்கும் சேர்த்தே பதினொண்ணுதான்."

தனகோட்டி மெல்ல விசிலடித்தார்.

"சீட்டெல்லாம் யார் தயார் பண்ணது?" என்றார் மல்லிநாதன்.

"செஞ்சி, வல்லம் ரெண்டும் நான் சார். டைப் பேப்பரை நறுக்கி, உறுப்பினர் எண்ணும் பேரும் எழுதி, சுருட்டி நூல் சுத்தினேன். தொண்டூர் பிரதிநிதி தர்மநாதன் சாருக்குப் பேப்பர் போய்ச் சேரல. அவரே கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கிழிச்சு எழுதிச் சுருட்டிக் கொண்டாந்தார். கொஞ்சம் தடிமனாத்தான் இருந்துச்சு. பேர் வெளிய தெரியலயேன்னு அப்படியே போட்டுட்டேன்."

"அதான் பிடிச்சுக்கிட்டாங்க."

"ஆமா சார். தடவிப் பார்த்துத் தடிச் சீட்டா எடுத்தேன்னு பெரியதம்பி அண்ணன் சொல்றார். செஞ்சி பஜார்ல உரக்கடை வெச்சிருக்காரே, அவர்தான். தொண்டூர்க்காரங்க கிட்ட நான் வாங்கித் தின்னுட்டேனாம். டின்னுக்குள்ள எங்க அத்தா ஏதோ வேலை பண்ணி வெச்சிருக்காராம்." அதைச் சொல்லும்போது முக்காட்டு முனையை விட்டுவிட்டாள். "நான் தடவவே இல்ல சார். குடைஞ்சா தேடுறான்னு சொல்லுவாங்களேன்னு, கைக்கு மேல பட்ட சீட்டைத்தான் எடுத்தேன். முப்பது தரமும் அப்படித்தான்."

மல்லிநாதன் ஜன்னல் வழியே பார்த்தார். கானலில் ராஜகிரி மலையின் பாறைகள் அடியறுந்து ஆகாயத்தில் தொங்குவதுபோல் தெரிந்தன.

"ஒண்ணு சொல்லிடுறேன். என் தங்கச்சி ஜெயந்தி தொண்டூர்லதான் வாக்கப்பட்டிருக்கிறா. இருபத்து மூணாவது சீட்டு அவளுது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். தெரிஞ்சேதான் வந்தேன். எண்ணுக்கு ஊர் தெரியாதுன்னு நீங்க ஒரு தடவ எங்க ஆபீஸ்ல சொன்னீங்க."

புதன்கிழமை காலை மல்லிநாதனும் தனகோட்டியும் சங்க அலுவலகம் போனார்கள். அரக்கு வைத்துக் கட்டிவைத்திருந்த டின்னைச் சங்கத் தலைவர் முன்னிலையில் பிரித்தார்கள். தனகோட்டிக்கு இரவெல்லாம் ஒரே யோசனை: டின்னுக்கு இரட்டை அடி. மேல்தட்டுக்குக் கீழே கள்ளச் சீட்டு. ஸ்கேல் வைத்து உள்ளே அளந்தார், வெளியே அளந்தார், கவிழ்த்துத் தட்டினார். தகரத்தின் கனம்கூட வித்தியாசப்படவில்லை. விளிம்பை மட்டும், ஒரு கைவிரலும் கீறக்கூடாது என்று யாரோ பொறுமையாக உள்பக்கம் சுருட்டி விட்டிருந்தார்கள்.

"டின் யோக்கியமான டின்தான் நயினாரே," என்றார் வருத்தத்தோடு.

டின்னில் மிச்சமிருந்த நூற்றெழுபது சீட்டுகளையும் பிரித்து, முன்பே எடுத்த முப்பதோடு சேர்த்து எண்களைக் குறித்துக்கொண்டு மாடிக்குத் திரும்பினார்கள். மல்லிநாதன் கம்ப்யூட்டரின் துணியை விலக்கினார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள் மெதுவாகத் துலங்கி வந்தன. ஸ்பிரெட்ஷீட் என்று அதற்குப் பெயர். தனகோட்டி கட்டத்தாள் என்பார். முடிவில்லாமல் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் விரிகிற தாள். ஒரு கட்டத்தில் எண்ணைப் போட்டால் இன்னொரு கட்டம் தானாகவே அதைக் கூட்டிக்கொள்ளும், எண்ணிக்கொள்ளும், ஒப்பிட்டுக்கொள்ளும்.

"முதல்ல கள்ளச் சீட்டு இருக்குதான்னு பாத்துடுவோம். ஒண்ணுலேர்ந்து இருநூறு வரைக்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரே தரம் வரணும். எல்லாத்தையும் கூட்டினா இருபதாயிரத்து நூறு வரணும். நீங்க படிச்சுக்கிட்டே அடிங்க."

தனகோட்டியின் விரல்கள் பாய்ந்தன. கால்மணி நேரத்தில் இருநூறும் ஏறிவிட்டன. கீழ்க்கட்டத்தில் 20109 என்று வந்தது.

"மாட்டிக்கிச்சு," என்று எழுந்தே விட்டார் தனகோட்டி. "ஒன்பது அதிகமா வருது. கள்ளச் சீட்டு."

"உட்காருங்க. கூட்டல் ஒன்பதால இடிச்சா, ரெண்டு இலக்கம் இடம் மாறிக் கிடக்குதான்னுதான் முதல்ல பாக்கணும்." மல்லிநாதன் பக்கத்துக் கட்ட வரிசையைக் கீழே நகர்த்தினார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது எத்தனை தரம் வந்தது என்று 1, 1, 1 என ஓடிக்கொண்டே வந்தது. 78க்கு எதிரே 0. 87க்கு எதிரே 2. "குறிப்புல இது எழுபத்தெட்டுதானே?"

தனகோட்டி குறிப்பைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். "நான்தான் மாத்தி அடிச்சுட்டேன்."

"பதினஞ்சு வருஷமா டைப்பிங் சொல்லிக் கொடுக்கிறீங்க."

"அதனாலதான் நயினாரே, வேகமா தப்பு பண்றேன்."

திருத்தியதும் 20100 வந்தது. எல்லாக் கட்டத்திலும் ஒன்று. கூடுதல் சீட்டு இல்லை, குறைச்சல் இல்லை, இரண்டு தரம் எழுதிய பெயர் இல்லை.

"ஆக, டின்னுலயும் தப்பில்ல, சீட்டுக் கணக்குலயும் தப்பில்ல," என்றார் மல்லிநாதன். "இனி அதிர்ஷ்டத்தைக் கேக்கணும்."

அந்த மதியத்தைத் தனகோட்டி ரொம்ப நாள் மறக்கவில்லை. இருநூறு எண்களுக்கும் பக்கத்தில் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு பின்னத்தைப் போட்டது. அந்தப் பின்னங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் மேலே வருகிற முப்பது பேருக்கு மனை. அதில் தொண்டூர் எத்தனை என்று ஒரு மூலைக் கட்டம் சொல்லும். அதாவது யார் கையும் படாத ஒரு குலுக்கல். ஒன்று முடிய அரை நிமிஷம். மல்லிநாதன் சாவியைத் தட்டுவார், பச்சை எண்கள் குளத்தில் கல் விழுந்த மாதிரி கலைந்து மறுபடி அடங்கும், தனகோட்டி நோட்டில் ஒரு கோடு போடுவார். ஆறு. ஐந்து. எட்டு. நான்கு. ஆறு. முன்பாதியில் மாணவிகள் வீட்டுக்குப் போய் வெகுநேரமாகியிருந்தது. காற்றாடி சுற்றியது. நடக்காத ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு முப்பது குடும்பங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயின. இருநூற்றுப் பன்னிரண்டாவது குலுக்கலில் கரண்ட் போயிற்று. தனகோட்டி நோட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்க் கோடுகளை எண்ணினார். கரண்ட் வந்ததும் மிச்சத்தையும் போட்டு முந்நூறாக்கினார்கள்.

"அதிகபட்சம் பன்னெண்டு," என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார் தனகோட்டி. "அதுவும் ஒரே ஒரு தரம். நிறைய தரம் ஆறுதான்."

"ஆறுதான் வரணும். அஞ்சுல ஒரு பங்கு தொண்டூர், முப்பதுல அஞ்சுல ஒண்ணு ஆறு." மல்லிநாதன் வேறொரு தாளைத் திறந்து பெருக்கலும் வகுத்தலுமாகக் கட்டம் கட்டமாக ஏறிப் போனார். கடைசிக் கட்டத்தில் ஒரு புள்ளி, அதற்குப் பிறகு ஏழு சைபர், அப்புறம் ஒரு ஒன்று. அந்தச் சைபர்களை விரல்நுனியால் ஒவ்வொன்றாக எண்ணினார். "பத்தொன்பதோ அதுக்கு மேலயோ தற்செயலா விழறதுக்கு ஏறக்குறைய பத்துக் கோடில ஒரு பங்குதான் வாய்ப்பு."

"அப்படின்னா?"

"அப்படின்னா இது அதிர்ஷ்டம் இல்ல."

மறுநாள் காலை தனகோட்டி முடிவெட்டிக்கொள்ளப் போனார். நாற்காலியில் சாய்ந்து, கழுத்தில் துணி கட்டி, கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு இருக்கும்போது மனுஷனுக்கு வாய் திறக்கத்தான் தோன்றும். "பத்துக் கோடில ஒண்ணாம்பா," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, இது தானா விழுந்ததில்லன்னு." கத்தி ஒரு வினாடி நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தால், பக்கத்து நாற்காலியில் பாதி மீசையோடு பெரியதம்பி.

"இன்னாது தனகோட்டி? இன்னொரு தபா சொல்லு."

பத்து மணிக்குள் அந்தச் சேதி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு வல்லத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கியவர்கள் அதையே தனகோட்டியிடம் சொன்னார்கள். ஒரு மணிக்கு ஜாஹிதா மாடி ஏறி வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"நீங்களும் சொல்லிட்டீங்களா சார்? எங்க அத்தா கடைக்கு எதிர்ல நின்னு கத்திட்டுப் போறாங்க. கம்ப்யூட்டருக்கு ஓரவஞ்சனை கெடையாதுன்றாங்க. அத்தா கடையைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்திருக்கார்."

தனகோட்டி தரையைப் பார்த்தார். வழித்த முகம் எரிந்தது.

"வாயைத் தொறந்தது நான்தாம்மா. அவர் இல்ல."

"யார் தொறந்தா என்ன சார். நெசம்தானே அது?"

"நெசம்தான்," என்றார் மல்லிநாதன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "தற்செயல் இல்லன்னு சொல்லிச்சு. நீன்னு சொல்லல. ரெண்டும் வேற. எனக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணு வேணும். முப்பது சீட்டும் எந்த வரிசைல வந்துச்சு? எழுதி வெச்சிருக்கியா?"

அவள் பையிலிருந்து கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தின் நகலை எடுத்தாள். எந்த நொடியில் யார் எது கேட்டாலும் காட்டவேண்டும் என்று அவள் எதையும் எழுதாமல் விடுகிறவள் இல்லை. மல்லிநாதன் முப்பது எண்களையும் வரிசையாகக் கட்டத்தாளில் ஏற்றினார். பக்கத்தில் தொண்டூர் என்றால் ஒன்று, இல்லையென்றால் சைபர். பத்துப் பத்தாகக் கூட்டினார்.

முதல் பத்தில் இரண்டு. அடுத்த பத்தில் எட்டு. கடைசிப் பத்தில் ஒன்பது.

"தனகோட்டி, நீங்க திருடன்னு வெச்சுக்குங்க. கையால தடவித் தடிச் சீட்டைக் கண்டுபிடிக்கத் தெரியும். முதல் பத்தைச் சும்மா விடுவீங்களா?"

"எதுக்கு விடுறேன்? முதல் சீட்டுலேயே கைவெச்சிருப்பேன்."

"பத்துல ரெண்டு. அதிர்ஷ்டம் எவ்வளவு கொடுக்கணுமோ அவ்வளவு சரியா கொடுத்திருக்குது. பத்தாவது சீட்டு வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. அதுக்கப்புறம் என்னமோ ஆயிருக்குது." அவர் நடவடிக்கைப் புத்தகத்தின் ஒரு வரியில் விரல் வைத்தார். "‘பத்தாம் சீட்டுக்குப் பின், உறுப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டபடி, டின் நன்கு குலுக்கப்பட்டது.’ இது இன்னாம்மா?"

"ஒருத்தர் எழுந்து, ‘சும்மா எடுத்துக்கிட்டே போனா எப்படி, நல்லா குலுக்கி எடு’ன்னு சத்தம் போட்டார் சார். சரின்னு அப்புறம் ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னாடி டின்னைத் தூக்கித் தூக்கித் தரையில பத்து தரம் தட்டினேன்."

"யார் அந்த உறுப்பினர்?"

"பெரியதம்பி அண்ணன்தான்."

மல்லிநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "குலுக்கினா கலையணும். கலைஞ்சா ஊர் ஊரா பிரியாது. குலுக்கக் குலுக்க எப்படிப் பிரிஞ்சுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் இருவரும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார்கள். வெயில் தணிந்து, மலைகள் தேன் நிறத்துக்கு வந்திருந்தன. தனகோட்டி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அங்கே கடலை விற்கும் அமிர்தவல்லியின் கூடையிலிருந்து ஒரு ரூபாய்க்கு அவித்த வேர்க்கடலை வாங்கினார். அவள் மேலாக அள்ளிக் கொடுத்த கடலை ஒவ்வொன்றும் மூன்று பருப்புக் கடலை. இன்னொரு ரூபாய்க்குக் கேட்டார். இந்தத் தடவை கூடையின் அடியில் கைவிட்டு அள்ளினாள், எல்லாம் பிஞ்சு.

"இன்னாம்மா இது, மேல பெருசா அடுக்கி வெச்சுட்டு அடியில பிஞ்சைக் கொட்டி ஏமாத்துற? ஊரே இப்படித்தான் இருக்குது."

"நானா அடுக்குனேன்?" அமிர்தவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வல்லத்துலேர்ந்து பஸ்ல கூடை குலுங்கிக் குலுங்கி வருது. எறக்கிப் பாத்தா பெருசெல்லாம் மேல வந்து குந்திக்கினு இருக்குது. பிஞ்சு சந்துல சந்துல பூந்து அடிக்குப் பூடுது. முறத்துல தட்டினாலும் அதான், படியில தட்டினாலும் அதான். இது கூடத் தெரியாத நீ இன்னாத்தக் கடலை துன்ற?"

தனகோட்டி திருப்பிக் கேட்க வாயெடுத்தவர், மல்லிநாதனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மல்லிநாதன் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார், தூங்கி எழுந்தவன் விடியலைப் பார்ப்பதுபோல. பிறகு குனிந்து, "ஆயிரம் தரம் கடலை உரிச்சவன் நான். எனக்கும்தாம்மா தெரியல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பியிருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ஜகபர் அலி கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஜாஹிதா மேடையோரம் நின்றாள். அவள் பெயர் எழுதிய தீர்மானம் தலைவரின் மேஜையில் தயாராக இருந்தது.

"கம்ப்யூட்டர் இன்னா சொல்லிச்சுன்னு முதல்ல அவரையே சொல்லச் சொல்லுங்க," என்றார் பெரியதம்பி.

"பத்தொன்பது விழுந்தது அதிர்ஷ்டம் இல்ல," என்றார் மல்லிநாதன். மண்டபம் சலசலத்தது. "அந்தக் காரணத்தைத்தான் இப்ப எல்லாரும் கண்ணால பாக்கப் போறோம். பெரியதம்பி, நீங்களே சீட்டெடுக்கறீங்களா?"

"நானா?"

"உங்களுக்குத் தொண்டூர்ல ஒருத்தரும் வேண்டியவங்க இல்ல. உங்க கை மேல யாருக்கும் சந்தேகம் வராது."

அதே டின். பிரித்த இருநூறு சீட்டும் பழையபடி சுருட்டி நூல் சுற்றியிருந்தன. மெல்லியது நூற்றறுபது, தடித்தது நாற்பது. மல்லிநாதன் எல்லோர் முன்னாலும் கைவிட்டுக் கலந்துவிட்டார். பெரியதம்பி கர்வத்தோடு கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"நீங்க அன்னைக்குக் கேட்ட மாதிரியே நல்லா குலுக்குங்க. தூக்கித் தூக்கித் தட்டுங்க. குடையாம, மேல கைபட்டதை எடுங்க."

டங், டங் என்று டின் தரையில் மோதியது. தனகோட்டி பக்கத்தில் நின்று எடுத்த சீட்டுகளை வாங்கி இரண்டு குவியலாக வைத்தார். முதலில் மெல்லிய சீட்டு, மெல்லிய சீட்டு, ஒரு தடிச் சீட்டு. அப்புறம் தட்டத் தட்டத் தடிக் குவியல் உயர்ந்தது. வேர்வை வழிய வழியப் பெரியதம்பி குலுக்கினார். முப்பதாவது சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கட்டை அவிழ்த்தார்.

"தொண்டூருக்குப் பதினெட்டு," என்றார் தனகோட்டி.

பெரியதம்பி குவியலைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"இன்னா பெரியதம்பி," என்று வல்லம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "தொண்டூர்க்காரங்க உனக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

சிரிப்பு அடங்கும்வரை மல்லிநாதன் காத்திருந்தார். "இதுல ஒருத்தரும் திருடல. தர்மநாதன், பேப்பர் வராததால, பேர் வெளிய தெரியக்கூடாதுன்னு தடிச்ச அட்டைல எழுதினார். அதனால சீட்டு பருத்துப்போச்சு. இந்தப் பொண்ணு தேடுறான்னு சொல்லிடக்கூடாதுன்னு மேல இருந்ததையே எடுத்தா. நீங்க மோசம் நடக்கக்கூடாதுன்னு குலுக்கச் சொன்னீங்க. மூணு பேரும் நாணயமாத்தான் இருந்தீங்க. டின்னைத் தட்டுறப்போ சின்னச் சீட்டு சந்து பாத்துக் கீழ எறங்கிடுது; பெரிய சீட்டுக்கு எறங்கச் சந்து இல்ல, மேலயே ஏறுது. இங்க பாதிப் பேர் வீட்டுல கடலை வெளையுது. முறத்துல தினம் பாக்கறதுதான். சீட்டுல பாக்கணும்னு யாருக்கும் தோணல, எனக்கும் தோணல."

"அப்ப இன்னா செய்யறது?" என்றார் தலைவர்.

"முதல் பத்து சீட்டு சரியா விழுந்தது, கணக்கும் அதைத்தான் சொல்லுது. குலுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் விழுந்த இருபதும் செல்லாது. மறுபடி எடுக்கணும்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயந்தி எழுந்தாள். "அண்ணா, இருபத்து மூணாவது சீட்டு என்னுது."

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா சொல்ற?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். "ராத்திரி சோத்துக்கு வீட்டுப் பக்கம் வந்துடாத," என்றாள். அவள் புருஷனே முதலில் சிரித்தான்.

மிச்சமிருந்த நூற்றுத்தொண்ணூறு பெயர்களையும் ஒரே தாளில், ஒரே அளவில் எழுத ஒரு மணி நேரமாயிற்று. டின் வேண்டாமென்று ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்தார்கள். சீட்டு முழுக்க அதில் கொட்டியதும் ஜாஹிதா தன் இடத்திலிருந்து அசையாமல் சொன்னாள்:

"தலைவர் சார், நான் கலக்க மாட்டேன். எல்லாரும் வந்து ஒரு தரம் கைவிட்டுக் கலக்கட்டும்."

வரிசை மேடையில் தொடங்கி வாசல் வரை போயிற்று. மதிய வெளிச்சம் மண்டபத்துக்குள் சாய்வாக விழுந்து, கோணித் தூசி அதில் பொன்னாக மிதந்தது. உரம் சுமந்த கை, மருதாணிக் கை, சுண்ணாம்புக் கை என்று ஒவ்வொன்றாகப் பைக்குள் முழங்கை வரை இறங்கி, ஆற்றுத் தண்ணீரை அளைவதுபோல் அளைந்துவிட்டு வெளியே வந்தது. யாரும் அவசரப்படவில்லை. தனகோட்டியும் வரிசையில் நின்றார். முறை வந்ததும் பையில் கைவிடுவதற்கு முன்னால் ஜாஹிதாவைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல அந்த முடிவெட்டுற கடையிலேயே போய்க் குந்தி, இங்க நடந்ததைச் சொல்லப் போறேன்மா."

"ஷேவிங் முடிஞ்சப்புறம் சொல்லுங்க சார்," என்றாள் அவள். ஒரு வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

வரிசையின் முடிவில் ஜகபர் அலி நின்றார். அவருக்கு முன்னால் நின்ற பெரியதம்பி விலகி, "நீங்க போங்க பாய்," என்றார். ஜகபர் அலி கலக்கிவிட்டு நகர்ந்தார்.

"யார் எடுக்கறது?" என்றார் தலைவர். "வெளியூர் ஆள் யாராச்சும் இருந்தா நல்லது. சங்கத்துக்காரங்க வேண்டாம்."

தீர்மானக் காகிதம் இன்னும் மேஜையில்தான் கிடந்தது. பெரியதம்பி அதைக் கையில் எடுத்தார், இரண்டாக மடித்தார், மறுபடி மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"வெளியூர் ஆள் எதுக்கு?" என்றார். "அந்தப் பொண்ணே எடுக்கட்டும்."

கண்ணைக் கட்டத் துணி கொண்டுவந்தார்கள். "அது வேணாம்," என்று வல்லம் வரிசையில் ஒருவர் சொன்னார். "சும்மா எடும்மா."

ஜாஹிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பையருகே போனாள். கையை உள்ளே விட்டாள். இந்தத் தடவை மேலாக நிறுத்தாமல், அடி வரைக்கும் விட்டு, நன்றாகத் துழாவி, ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள்.